அளவு குறைந்தால் கூலி கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு வரப்புத் தகராறு செய்தி வந்திருந்தது. பங்காளிகள் இருவர் கைகலந்து, ஒருவர் மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். 'தனியார் சர்வேயர் தவறாக அளந்ததே பிரச்சினைக்குக் காரணம் என்று கூறப்படுகிறது' என்று செய்தி முடிந்திருந்தது. அந்த சர்வேயர் யாரோ, நான் அறியேன். அவர் தவறியும் இருக்கலாம். ஆனால் படித்ததும் எனக்கு வேறொன்று கேட்கத் தோன்றியது. அவருக்குக் கூலி பேசியது யார்? எந்த நிபந்தனையில் பேசினார்கள்? அளவு இவ்வளவு வந்தால்தான் பணம் என்று யாராவது சொன்னார்களா? பதினெட்டு வருடமாக அளவைக் கருவியின் முக்காலியைத் தோளில் சுமந்து காடு மேடு அலைகிறவன் என்பதால் இந்தக் கேள்விகள் எனக்கு வருகின்றன. இதை விரிவாக எழுத இடம் கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் கோவில்பட்டிக்காரன். சிவில் டிப்ளமோ முடித்த கையோடு, நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற ஒரு குறுவட்ட அளவரிடம் சேர்ந்தேன். ஐந்து வருடம் அவருக்கு பிரிசம், அதாவது அளவைக் கருவி குறிபார்க்கும் கண்ணாடி, பிடித்திருக்கிறேன். "வேலியை நம்பாதே, கல்லைத் தேடு" என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். வேலி போட்டவன் தன் வசதிக்குப் போட்டிருப்பான், எல்லைக் கல் அவன் தாத்தா காலத்துக்கு முன்பே நட்டது என்பார். இன்றைக்கும் நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அரசு வரைபடமான புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கல்லைத்தான் தேடுகிறேன்.

எங்கள் கரிசலில் கல் தேடுவது லேசான வேலை இல்லை. மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கிற மண் இது. நட்ட கல் நட்டபடி நிற்காது, சாயும், புதையும். மேலே சீமைக்கருவேலம் மூடிக்கிடக்கும். டிராக்டர் உழும்போது இடறுகிறது என்று பிடுங்கி வரப்போரம் போட்டிருப்பார்கள். ஒரு கல்லைக் கண்டுபிடிக்க அரை நாள் மண்வெட்டி பிடித்த அனுபவம் உண்டு. பத்தரை மணிக்கு மேல் கானல் ஆட ஆரம்பித்துவிடும். தொலைநோக்கியில் குறுக்குக் கோட்டுக்கு நடுவே பிரிசம் தண்ணீரில் மிதப்பது போல நடுங்கும், அந்த நேரத்தில் எடுத்த அளவை நம்ப முடியாது. அதனால் விடிகாலை ஆறு மணிக்கே ஆரம்பித்து வெயில் ஏறியதும் நிறுத்தி, மூன்றரைக்கு மேல் மறுபடி தொடங்குவோம்.

பட்டா உட்பிரிவு செய்வது அரசு சர்வேயரின் வேலை. எங்கள் அளவுக்கு அரசு முத்திரை கிடையாது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நிலம் வாங்கும் முன் பார்ப்பதற்கு, பாகம் பிரிப்பதற்கு, மனை போடுவதற்கு, காற்றாலைக்கும் சோலாருக்கும் நிலம் சேர்ப்பதற்கு என்று ஜனங்கள் எங்களிடம்தான் வருகிறார்கள். அரசு சர்வேயருக்கு மனுப் போட்டு முறை வரும் வரை காத்திருக்க யாருக்கும் நேரம் இல்லை.

சோலார் என்றதும் நான் சொல்ல வந்த இடத்துக்கே வந்துவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் சிவராத்திரி முடிந்த வாரம் ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. பெரிய கம்பெனிக்காக நிலம் சேர்த்துக் கொடுக்கிறவர்கள். பெயர் வேண்டாம். விளாத்திகுளம் பக்கம் 180 ஏக்கர், ஏக்கருக்கு 550 ரூபாய். கணக்குப் போட்டால் 99,000. சந்தோஷமாகத்தான் போனேன். அங்கே கையில் பதினான்கு பக்க ஒப்பந்தம் கொடுத்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். 200 ரூபாய் பத்திரத்தாள் என் செலவு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கும் என் மைத்துனரை போனில் பிடித்து, ஒவ்வொரு பத்தியாக வாசித்து அர்த்தம் கேட்டேன். கேட்கக் கேட்க டீ ஆறிப்போனது.

பெரிய கம்பெனி அவர்களுக்குப் பணம் கொடுத்த பிறகுதான் அவர்கள் எனக்குக் கொடுப்பார்கள். அது எப்போது என்று தேதி இல்லை. அதிலும் 15 சதவீதத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, அந்த சோலார் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் ஏறிய பிறகு தருவார்கள். நான் அளப்பதற்கும் கம்பியில் கரண்டு ஏறுவதற்கும் நடுவில் எத்தனை பேர் வேலை, எத்தனை அனுமதி! அத்தனைக்கும் என் கூலி காத்திருக்க வேண்டும். குறித்த நாளில் முடிக்காவிட்டால் நாளுக்கு 5,000 அபராதம். ஏழு வருடத்துக்குள் எந்த நில உரிமையாளராவது எல்லை பற்றித் தகராறு செய்தால் அதனால் வரும் முழு நஷ்டமும் சர்வேயருடையது. ஏக்கர் நாலு லட்சம் என்று வைத்துக்கொண்டாலும் 180 ஏக்கருக்கு ஏழு கோடியே இருபது லட்சம். தொண்ணூற்றொன்பதாயிரம் ரூபாய்க் கூலிக்கு ஏழு கோடிக்கு ஜாமீன் நிற்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு பத்தியும் இருந்தது. அளந்த தரவுகள், களப் புத்தகம், வரைபடக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும், பிரதி எதையும் நான் வைத்துக்கொள்ளக் கூடாது. களப் புத்தகம் என்பது எங்களுக்கு உயிர். எந்தக் கல்லில் கருவியை வைத்தேன், எந்தக் கல்லைப் பார்த்தேன், எந்தக் கல் காணவில்லை, அன்று கூட நின்றவர்கள் யார் என்று அந்த இடத்திலேயே எழுதுவது. நாலு வருடம் கழித்து கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். ஏழு வருடப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு, என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே நோட்டையும் பிடுங்கிக்கொள்வது என்ன நியாயம்? இந்த இரண்டு பத்திகளையும் சேர்த்து வாசித்தபோதுதான், இதை எழுதியவர்களுக்கு நில அளவை என்றால் என்னவென்றே தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும் என்று புரிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலை இரண்டு, பாதுகாப்புக்காகவாம். நான் கடன் வாங்கவில்லை, அவர்கள் அட்வான்ஸ் ஒரு பைசா தரவில்லை. எதற்குப் பாதுகாப்பு? மைத்துனர் கத்தினார். அந்தத் தாளில் நாளைக்குத் தேதியும் தொகையும் எழுதி வங்கியில் போட்டு, பணம் இல்லை என்று திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் வழக்கு வரும், இரண்டு வருடம் வரை ஜெயில் என்றார்.

அப்படியும் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பீர்கள். அந்த மாதத்தில் எனக்கு இருந்தது இரண்டே வீட்டுமனை வேலை. 180 ஏக்கர் ஒரே இடத்தில் கிடைப்பது அடிக்கடி நடக்காது. நான் மாட்டேன் என்றால் அடுத்த ஊர்க்காரர் அதே தாளில் கையெழுத்துப் போடுவார், அவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். எங்களுக்குள் ஒரு பேச்சு, ஒரு ஒற்றுமை இல்லை. அதுதான் உண்மை. போட்டேன்.

பதினோரு நாள் வேலை. உதவிக்கு இரண்டு பையன்கள், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 800. புதர் வெட்ட நாலு பேர், ஆறு நாள், ஆளுக்கு 700. வண்டி டீசல் 9,000. மொத்தம் 43,400 ரூபாய் என் கையிலிருந்து போனது. பிரிசம் பிடித்த பையனுக்கும் அரிவாள் பிடித்தவருக்கும் அன்றன்று சாயங்காலமே எண்ணிக் கொடுத்தேன். அவர்களிடம் போய் 'கரண்டு ஏறட்டும், தருகிறேன்' என்று என்னால் சொல்ல முடியுமா? இருட்டும் நேரத்தில் வண்டியின் பானெட் மேல் வைத்து நோட்டுகளை எண்ணும்போது தினமும் அந்தப் பதினான்கு பக்கம் ஞாபகம் வரும்.

தாமதம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பட்டாதாரர்கள் திருப்பூரில் வேலை பார்க்கிறவர்கள். அவர்கள் வந்து நின்று எல்லை காட்டாமல் கல் ஊன்றக் கூடாது என்று சொன்னதே அந்த நிறுவனம்தான். ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்றார்கள், வந்தார்கள், அளந்தேன். ஆறு நாள் தள்ளிப்போனது. அதற்கு 30,000 அபராதம்.

பணம் புரட்டாசியில் வந்தது. ஏழு மாதம். தொண்ணூற்றொன்பதாயிரத்தில் நிறுத்திவைத்தது 14,850, அபராதம் 30,000, வருமான வரிப் பிடித்தம் 9,900. கைக்கு வந்தது 44,250. செலவு போக மிச்சம் 850 ரூபாய். வரிப் பிடித்தம் கணக்குத் தாக்கல் செய்த பிறகு திரும்பி வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் பதினோரு நாள் வெயிலுக்கும், நாலு ராத்திரி கண் விழித்து ஆட்டோகேடில் வரைந்ததற்கும், கருவிக்கும் சேர்த்து அன்றைக்கு என் கையில் நின்றது அந்த 850 தான்.

ஜிஎஸ்டி கதை தனி. வருடத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே சேவை செய்கிறவன் பதிவு செய்ய வேண்டியதில்லை. நான் அந்தத் தொகைக்குப் பக்கத்திலேயே போனதில்லை. எண் இல்லாதவரைச் சேர்க்க மாட்டோம் என்றதால் பதிவு செய்தேன். பில் கொடுத்த அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் 18 சதவீதம், அதாவது 17,820 ரூபாய், நான் அரசுக்குக் கட்டியாக வேண்டும். அவர்களிடமிருந்து அந்தத் தொகை வந்தது புரட்டாசியில். நடுவில் என் மனைவியின் இரண்டு வளையல்கள் கூட்டுறவு வங்கியில் இருந்தன. வராத பணத்துக்கு வரி கட்டுவதற்காக நகையை அடகு வைத்த வீடு எங்கள் வீடு.

பணம் கொடுக்கும் முன்பு அவர்கள் கேட்ட கடைசிக் காகிதம் இது: 'எனக்குச் சேர வேண்டிய முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து. பணம் வருவதற்கு முன்னாலேயே! கொடுத்தால்தான் பட்டுவாடா என்றார்கள். நிறுத்திவைத்த பதினைந்து சதவீதம் பற்றிக் கேட்டால், அதான் முழுத் தொகையும் வாங்கிக்கொண்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்றார் கணக்குப் பிரிவில் இருந்த பெண். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வேலை அது.

சரி, இது கம்பெனி விவகாரம், பண விவகாரம். இதைவிட என்னை உறுத்துவது வேறு ஒரு வகை நிபந்தனை. ஒப்பந்தத்தில் எழுத மாட்டார்கள், வாயால்தான் சொல்வார்கள்.

மனை போடும் ஒரு புரமோட்டர் வந்தார். கிரயப் பத்திரத்தில் 2 ஏக்கர் 40 சென்ட். பட்டாவில் 0.97.0 ஹெக்டேர், இரண்டும் ஒத்துப்போகிறது. தரையில் அளந்தால் 2 ஏக்கர் 31 சென்ட்தான் வருகிறது. மூன்று முறை அளந்தேன். வெவ்வேறு கல்லிலிருந்து, வெவ்வேறு நாளில். அதேதான். மேற்கே ஓடை அரித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது, தெற்கே வண்டிப்பாதை பழகிப் பழகி அகலமாகியிருக்கிறது. ஒன்பது சென்ட் என்றால் 3,920 சதுர அடி, ஒன்றரை கிரவுண்டுக்கும் மேல். எங்கள் ஊர்க் கணக்குக்கு மூன்று வீட்டுமனை.

"படத்துல 2.40-ன்னு போட்டுக் கொடுங்க சார், மொத்தப் பணமும் இப்பவே தாரேன். 31-ன்னு போட்டா அந்தப் படம் எனக்கு எதுக்கு?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரரிடம் அளவு சரியில்லாத சட்டையைத் திருப்பிக் கொடுப்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்கு அதிர்ச்சி. நான் 2.40 என்று போட்டிருந்தால் என்ன ஆகும்? ஓடையோரத்து மனையை வாங்கிய யாரோ ஒருவர், ஒருவேளை வெளியூரில் வேலை பார்த்துச் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் வாங்கியவர், வீடு கட்ட வரும்போது அவருடைய மனை ஓடைக்குள் இருக்கும். அன்றைக்கு உங்கள் நாளிதழில் 'தனியார் சர்வேயர் தவறாக அளந்ததே காரணம்' என்று வரி வரும். அவர் கேட்ட படத்தை நான் கொடுக்கவில்லை. 18,000 ரூபாய் கூலி வரவில்லை. பிறகு வேறொருவர் போட்டுக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழைய கதை உண்டு. 1802-இல் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியாவை அளந்தார். சென்னைக் கரையிலிருந்து மங்களூர்க் கரை வரை அளந்து முடித்தபோது, அதுவரை படங்களில் காட்டியிருந்ததைவிட நாடு ஏறத்தாழ 40 மைல் குறைவாக இருந்தது. கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் ஆண்ட நிலம் காகிதத்தில் அவ்வளவு சுருங்கிவிட்டது. ஆனாலும் அந்த அளவுதான் நின்றது, பழைய படத்தைத்தான் திருத்தினார்கள். நாற்பது மைல் குறைந்ததையே ஏற்றுக்கொண்ட ஊரில் ஒன்பது சென்ட்டுக்கு என் கூலியை நிறுத்துகிறார்கள்.

கம்பெனிக்காரர்களையும் புரமோட்டர்களையும் மட்டும் சொல்வது நேர்மை ஆகாது. விவசாயிகளிடமும் இது உண்டு. எட்டயபுரம் போகிற வழியில் ஒரு கிராமம். அண்ணன் தம்பி பாகம், நடுவில் கிணறு. கூலி ஆளுக்குப் பாதி என்று பேச்சு. அளந்து குச்சி ஊன்றியதும் தம்பி பக்கம் நாலு சென்ட் குறைவு என்று தெரிந்தது. அத்தனை வருடமாக அண்ணன் அந்த நாலு சென்ட்டில் பருத்தி போட்டிருக்கிறார், அது யாருக்கும் தெரியாமல் நடந்தது. நியாயமாகப் பார்த்தால் என் அளவால் தம்பிக்கு லாபம், இனி நாலு சென்ட் அவருக்குத் திரும்ப வரும். ஆனால் அவர் அப்படிப் பார்க்கவில்லை. "எனக்குக் குறையுதுன்னு சொல்லிட்டீங்க, நான் எதுக்குக் காசு தரணும்? கூட இருக்கிறவர்கிட்ட வாங்கிக்கங்க" என்றார். அண்ணனோ, தன் பருத்திக்குள் குச்சி விழுந்த கோபத்தில், "இவன்தானே உங்களைக் கூட்டியாந்தான், அவன்கிட்டயே கேளுங்க" என்றார். இரண்டு பேரும் காலம் முழுக்க ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கும். அவர்கள் அம்மா, எழுபது வயது இருக்கும், வீட்டுக்குள் போய் ஒரு டம்ளர் மோரும் 500 ரூபாயும் கொண்டுவந்து கொடுத்தார். மோரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

நில அளவைக்குக் கொடுக்கும் பணம் அளக்கிற உழைப்புக்கு. என்ன அளவு வருகிறது என்பது அந்த மண்ணும் கல்லும் சொல்வது. டாக்டரிடம் ரத்தம் சோதிக்கக் கொடுத்து, சர்க்கரை அதிகம் என்று வந்தால் லேபுக்குக் காசு தர மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. எங்களிடம் மட்டும் சொல்கிறார்கள். வருகிற அளவைப் பொறுத்துக் கூலி என்று ஆகிவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாக அளவே கூலிக்குத் தக்கபடி வர ஆரம்பித்துவிடும். பசித்த வயிறு எவ்வளவு நாளைக்குத் தாங்கும்? என்னோடு பிரிசம் பிடித்துப் பழகி இன்று தனியாகத் தொழில் செய்யும் இளைஞர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்று பேருமே கருவியைக் கடனில் வாங்கியவர்கள். மாதத் தவணை தேதி வரும்போது அவர்களுக்கு எவ்வளவு நெருக்கடி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஒருவர் எதிரே உட்கார்ந்து 'இந்த எண்ணைப் போடுங்க, பணம் இப்பவே' என்றால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

பணம் தாமதத்துக்குச் சட்டம் இருக்கிறது என்பதை நான் பட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். மற்ற சர்வேயர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். 2006-ஆம் வருடத்துச் சிறு, குறு தொழில் மேம்பாட்டுச் சட்டம் பொருள் செய்கிறவர்களுக்கு மட்டும் இல்லை, எங்களைப் போலச் சேவை செய்கிறவர்களுக்கும் உண்டு. எழுத்தில் கெடு பேசாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். எழுதி ஒப்புக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பெரிய கம்பெனி கொடுத்த பிறகுதான் தருவேன் என்று எழுதி வாங்கினாலும் இந்த 45 நாள் மாறாது. சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை, ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். ஆனால் வேலைக்குப் போகும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். நான் வேலை முடிந்த பிறகு செய்தேன். பின்னால் செய்த பதிவு முன்னால் முடித்த வேலைக்குத் துணை நிற்பது கஷ்டம் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். தம்பிகள் இதைப் படித்தால் இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள்.

அரசிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. நில அளவைத் துறை ஒரு பக்க அளவில் தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தம் வெளியிடட்டும். கூலி அளவின் முடிவைப் பொறுத்தது அல்ல என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். களப் புத்தகத்தின் பிரதி சர்வேயரிடம் இருக்கும், சர்வேயரின் பொறுப்பு அவர் வாங்கிய கூலிக்கு மேல் போகாது, காசோலை வாங்கக் கூடாது என்று இருக்கட்டும். வேண்டுமென்றே பொய் அளவு கொடுத்தால் அது வேறு, அதற்கு எந்தத் தண்டனையும் தகும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. வீட்டு வாடகைக்கும் வேலையாள் சம்பளத்துக்கும் சட்டம் பேசுகிற நாட்டில் இது ஒரு தாள், அவ்வளவுதான். அரசு வெளியிட்ட தாள் என்று காட்டினால் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் வாதாட வேண்டியிருக்காது.

அது வரும் வரை நானே ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். பாதிப் பணம் முன்னாலேயே. மீதி, படம் கையில் கொடுக்கும்போது. அளவு கூடினாலும் குறைந்தாலும் கூலி ஒன்றுதான். முக்காலியை வண்டியிலிருந்து இறக்கும் முன் அதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன். இதனால் வேலைகள் சில கைவிட்டுப் போயின. போன மாதம் கழுகுமலை பக்கம் ஒரு பெரியவர் என்னை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

"அப்ப எனக்கு நிலம் குறைஞ்சாலும் உங்களுக்கு ரூவா தரணும்?"

"ஆமா அண்ணாச்சி."

"கூடுனா?"

"கூடுனாலும் அதே ரூவாதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தார். சாயங்காலம் அளந்து முடித்தபோது அவருக்கு ஆறு சென்ட் குறைவு. முகம் வாடித்தான் போனது. பக்கத்துப் புஞ்சைக்காரர் தள்ளிப் போட்டிருந்த வரப்பைக் காட்டினேன், அரசு சர்வேயருக்கு மனுக் கொடுக்க எந்த எண்களை எழுத வேண்டும் என்று குறித்துக் கொடுத்தேன். மீதிப் பணத்தை மறுநாள் பேரனிடம் கொடுத்தனுப்பினார்.

உங்கள் செய்தியாளர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை வரப்புத் தகராறு என்று எழுதப் போகும்போது, அளந்த சர்வேயரையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். களப் புத்தகம் வைத்திருக்கிறாரா, கூலி எப்படிப் பேசினார்கள், எந்த எண்ணைப் போடச் சொன்னார்கள் என்று கேளுங்கள். தப்பு அவர் மேல் இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

நான் கொடுத்த அந்த இரண்டு காசோலைகளும் இன்னும் திரும்பி வரவில்லை. அவற்றின் எண்களை டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் இரண்டு முறை எழுதிவிட்டேன். மூன்றாவது கடிதத்தையும் உங்களுக்கு எழுதும் இந்தக் கடிதத்தையும் இன்று மதியம் ஒன்றாகத் தபாலில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
தனியார் நில அளவர் ஒருவர்,
கோவில்பட்டி.